வீசப்பட்ட பெயர்

கின்ஷாசாவில் செத்தவன் ஒருவன் பாடினால் பயந்து ஓடுகிறவர்கள் குறைவு. 'யாருடா இது, நல்லாப் பாடுறானே' என்று நின்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அந்த வாரம் ஊரே அப்படித்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

முகநூலில் 'இது யார் குரல்?' என்று ஒரு பக்கம். நடத்துகிறவர் யாரென்று தெரியாது. தினமும் சாயங்காலம் ஒரு பாட்டுத் துண்டு வரும். படம் கிடையாது, வெறும் கறுப்புத் திரை. பாடுகிறவர் யாரென்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை என்றால், மறுநாள் அதே பாட்டு இன்னும் கொஞ்சம் நீளமாக வரும். பரிசு என்று எதுவும் அறிவிக்கவில்லை. ஆனாலும் கூட்டம் மொய்த்தது. துப்பறியும் கபேடியின் உதவியாளன் பொஸ்கோ, தனக்குத் தெரிந்த எல்லாப் பாடகர்களின் பெயரையும் எழுதித் தோற்றுவிட்டு, தெரியாதவர்களின் பெயரை எழுத ஆரம்பித்திருந்தான்.

பந்தால் பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் கபேடியின் அலுவலகம். அங்கேதான் அனுவாரித் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். கைப்பேசியைத் துணியில் சுற்றி, அந்தத் துணியை ஒரு கூடைக்குள் வைத்து, கூடையை மடியில் வைத்திருந்தாள். பாம்பு பிடித்து வந்தவள் மாதிரி அதைத் திறக்கப் பயந்தாள்.

"அந்தப் பக்கத்துல பாடறது என் புருஷன் அக்கா," என்றாள். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஆத்தோட போனவர்."

மீதியைக் கபேடி கேட்டுக் கேட்டு வாங்கினாள். புருஷன் பெயர் போகாங்கா. ஒரு சின்ன இசைக்குழுவில் பின்னால் நின்று பாடுகிறவன். மேல் ஆற்றில் ஒரு கல்யாணத்துக்குப் பாட மரப்படகில் கிளம்பினான். குவாமுத் ஊரைத் தாண்டியதும் காற்றில் படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. காலி நாற்காலியில் படத்தை வைத்து அழுதார்கள். அவளும் வருஷம் முழுக்கக் கறுப்பு உடுத்தி, பிறகு ஊரறியக் கறுப்பைக் களைந்தாள்.

பழைய ஒலிப்பதிவை யாராவது தோண்டி எடுத்திருக்கலாமே என்று பொஸ்கோ சொல்லிப் பார்த்தான். அனுவாரித் தலையை ஆட்டினாள். அந்தப் பாட்டு எந்த நாடாவிலும் ஏறவில்லை. படகு ஏறுவதற்கு முந்திய நாட்களில் அவன் கட்டிய பாட்டு அது. குளிக்கும்போதும் சட்டை தேய்க்கும்போதும் வீட்டுக்குள்ளேயே பாடினான், அவ்வளவுதான். இப்போது அது ஊரிலுள்ள எல்லாக் கைப்பேசியிலும் பாடுகிறது. மகளுக்குத் தெரியாமல் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறாளாம். கேட்டு முடித்ததும் தன்னை அறியாமல் 'வரேன்' என்று பதில் சொல்லிவிடுகிறாளாம்.

சனிக்கிழமை அவளைப் பெண் கேட்டு ஒரு நல்ல மனிதனின் வீட்டார் ஆடு, உப்பு மூட்டை, துணி, அரிக்கேன் விளக்கு எல்லாவற்றோடும் வருகிறார்கள். முதல் புருஷன் உயிரோடு இருந்தால் இன்னொருவன் ஆட்டை அவள் எப்படி வாங்குவாள்?

"உயிரோட இருக்காரா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மாப்பிள்ளையின் பெயரைக் கேட்கக் கபேடிக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் சறுக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் புதிய துண்டு வந்தது. பொஸ்கோ சத்தத்தைக் கூட்டி வைத்தான். கித்தார் இல்லை, மத்தளம் இல்லை. குரல் மட்டும் மெதுவாக ஏறி வந்தது.

'ஆறே, என் செருப்பை வைத்துக்கொள், என் காலைத் திருப்பிக் கொடு.'

பொஸ்கோ சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். வாய் ஓயாதவன் வாயை மூடினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அந்தக் குரலில் ஈரம் இருந்தது. அறைக்குள்ளே யாரோ நனைந்துபோய் நிற்கிற மாதிரி அவனுக்குப் பட்டது. அந்த வரி முடிந்ததும் பாடுகிறவர் கொஞ்சம் மூச்சு வாங்கி, பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார்: 'மெர்டி அப்பா, லெம்பா சிமெண்ட்காரரே, மழையில கூரை ஏறினவரே!' அதோடு துண்டு முடிந்தது.

எங்கள் ஊரில் இதற்கு வீசுதல் என்று பெயர். பாட்டின் நடுவே பெரிய மனிதர்களின் பெயரைப் பாடகர் உரக்கச் சொல்வார். சொல்ல வைக்க அந்தப் பெரிய மனிதர்கள் கையை நிறைப்பார்கள். சில பாட்டுகளில் காதலியைத் தேடிப் பிடிப்பதற்குள் பத்து வியாபாரிகளைத் தாண்டிப் போகவேண்டும். ஆகவே அந்தப் பெயரை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. விளம்பரம் என்று சிரித்துவிட்டுக் குரலைப் பற்றியே சண்டை போட்டார்கள்.

கபேடிக்குச் சங்கீத ஞானம் சுத்த சூனியம். சின்ன வயசில் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தவளை முதல் ஞாயிற்றுக்கிழமையே பாதிரியார் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

"கின்ஷாசாவுல பிறந்து பாட்டு ஏறாத ஒரே ஆள் நீங்கதான் அக்கா," என்றான் பொஸ்கோ, கொஞ்சம் தெளிந்து. "உங்களைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு டிக்கெட் போடலாம்."

"ஊரு பூரா குரலைப் பிடிச்சுத் தொங்குது. எனக்குக் குரல் ஏறலை, பேருதான் ஏறுச்சு. சும்மா பேர் வீசுவானாடா எவனாவது?"

"எங்க சித்தப்பா கல்யாணத்துல ஒருத்தன் ஒரு பீருக்கு வீசினான்."

"அதுலயும் பீர் இருக்கே. வீசச் சொன்னது யாருன்னு பிடி, பாடினது யாருன்னு அவன் சொல்லுவான்."

மறுநாள் காலை லெம்பாவுக்குக் கிளம்பினார்கள். சாவு ஆவி என்று ஊரார் செல்லப்பெயர் வைத்திருக்கும் மினி பஸ்தான் கிடைத்தது. பொஸ்கோ ஒரு காலத்தில் அதே வண்டியில் நடத்துனராகத் தொங்கியவன். பேயைத் தேடிப் போக இதைவிடப் பொருத்தமான வண்டி அமையாது என்று சொல்லி, பக்கத்தில் இருந்த கிழவரிடம் திட்டு வாங்கினான்.

சிமெண்ட் கடைத் தெருவில் மெர்டி அப்பாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. மிக்காதே மாவு உருண்டைகளை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தவள் முகவாயாலேயே கடையைக் காட்டினாள். பக்கத்துக் கடைப் பையன்கள் கைப்பேசியில் அந்தத் துண்டைப் போட்டு, பெயர் வரும் இடத்தில் கூடவே கத்திச் சிரித்தார்கள். கடையின் கதவு பாதி மூடியிருந்தது.

உள்ளே கசோங்கோ இருந்தார். ஆள் நல்ல ஆகிருதி. இமையில்கூடச் சிமெண்ட் தூள். பிள்ளை பிறந்த பிறகு எங்கள் ஊரில் யாருக்கும் சொந்தப் பெயர் மிஞ்சாது. அவருக்கும் மெர்டி அப்பா என்பதே பெயராகி இருந்தது. கேட்ட உடனே அவர் கையை விரித்தார். யாருக்கும் அவர் எதுவும் கொடுக்கவில்லை. பாட்டில் தன் பெயர் வரவேண்டும் என்ற ஆசை எல்லாரையும் போல அவருக்கும் உண்டு, ஆனால் அதற்குச் செலவழிக்க மனசு வந்ததில்லை. இப்போது ஓசியில் வந்திருக்கிறது, தெருவே கேலி செய்கிறது. பாடினது யாரென்று தெரிந்தால் ஒரு பெட்டி பீர் அனுப்புவேன் என்று பாதி சிரிப்போடு சொன்னார்.

"அவர் பேரு போகாங்கா," என்றாள் கபேடி.

கசோங்கோ ஒரு சிமெண்ட் மூட்டை மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அம்மா, அவரு செத்துட்டாரு," என்றார் பிறகு. "அவரு பொண்டாட்டியைத்தான் சனிக்கிழமை நான் கேட்டுப் போறேன்."

தெருவில் பையன்கள் மறுபடி அதைப் போட்டார்கள். மெர்டி அப்பா என்று அந்தக் குரல் கூப்பிட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கைப்பேசியில் கூப்பிட்டது. எதிர்ச் சாரியில் ஒரு பெண்ணின் கைப்பேசியும் கூப்பிட்டது. முன்பு வேடிக்கையாக இருந்ததுதான். இப்போது செத்த ஒருவன் தெருத்தெருவாக அவரைத் தேடிக்கொண்டு வருவது போல இருந்தது. பொஸ்கோவே எழுந்து போய்க் கடைக் கதவை முழுசாகச் சாத்தினான்.

கசோங்கோவின் முடிவு அந்த நிமிஷமே ஆகிவிட்டது. ஆட்டை விற்றுவிடுவார். அனுவாரித் வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டார். அவளைப் பிடிக்காமல் இல்லை. அவளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குளிர்கிறது. ஆனால் கூரை ஏறியது வரை தெரிந்து வைத்துக்கொண்டு ஒருவன் ஆற்றுக்கு அடியிலிருந்து கூப்பிட்டால் எந்த மனிதன் தாங்குவான்?

கபேடி அந்தக் கூரையைத்தான் பிடித்தாள். எந்தக் கூரை, எப்போது ஏறினார், யார் பார்த்தார்கள் என்று கேட்டாள். போன மழைக்காலத்தில் காற்று அனுவாரித் வீட்டுத் தகரத்தைக் கிளப்பிவிட்டதாம். கொட்டுகிற மழையில் அவர் மேலே ஏறிக் கம்பி கட்டினாராம். தெருவில் காக்கா குருவி இல்லை. அனுவாரித் கீழே விளக்குப் பிடித்தாள், மகள் பிளமேடி கம்பியை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

"மெர்டிக்கு என்ன வயசு?"

"ஆறு."

"படகு கவிழ்ந்து பதினோரு வருஷம். அப்போ மெர்டியும் பிறக்கலை, நீங்க மெர்டி அப்பாவும் இல்லை. செத்தவர் பாடி வச்ச பாட்டு இல்லைங்க இது."

"ஆவிக்கு நடந்தது நடக்கப்போறது எல்லாம் தெரியும்பாங்க அக்கா," என்றான் பொஸ்கோ.

"தெரியட்டும். ஆவிக்கு முகநூல் கணக்கு யாருடா திறந்து குடுத்தது?"

அவள் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊரார் இதுவரை எழுதிய பெயர்களை வாசிக்கச் சொன்னாள். பொஸ்கோ வாசித்தான். புகழ்பெற்றவர்கள், புகழ் மங்கியவர்கள், சிறையில் இருக்கிறவர்கள், ஐரோப்பாவுக்கு ஓடிப்போய்த் திரும்பாதவர்கள் என்று தொண்டை வறளும்வரை வாசித்தான். கபேடி நடுவில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதுல ஒரு பொம்பளை பேரு இருக்கா?"

"ஆம்பளைப் பாட்டுக்குப் பொம்பளை பேரு எதுக்கு?"

"நம்ம ஊரு ஆம்பளைங்க எந்த உயரத்துல பாடுறாங்கடா? எனக்குத்தான் சுருதி தெரியாது, நீ சொல்லு."

பொஸ்கோ சொல்ல வாயைத் திறந்து, திறந்தபடியே இருந்தான். எங்கள் பாடகர்கள் ஏறி நிற்கிற உயரத்தில் பெண்களுக்கே தலைசுற்றும். அது ஊருக்கே பழகிப்போனதால், கொஞ்சம் கனத்த குரலுள்ள ஒரு பெண் அதே இடத்தில் வந்து நின்றால் அவளும் ஆண் என்றே கணக்கு. காது நன்றாக இருந்த அத்தனை பேரும் ஏமாந்தார்கள்.

ஆட்டை விற்காமல் இன்று சாயங்காலம் வரை பொறுங்கள் என்று கசோங்கோவிடம் சொல்லி, கம்பி எடுத்துக் கொடுத்த மகள் எங்கே இருப்பாள் என்றும் அவரிடமே கேட்டுக்கொண்டு இருவரும் மக்காலாவுக்குப் போனார்கள்.

தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடத்தில் பாடகர் குழுவின் ஒத்திகை அப்போதுதான் முடிந்திருந்தது. பிளமேடி பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண், ஒல்லி. கபேடி தான் யாரென்று சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பை வைத்துக்கொள், காலைத் திருப்பிக் கொடு என்பதற்கு அடுத்த வரி என்ன என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பெண் பதறவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாடினாள்.

'காலையும் நீயே வைத்துக்கொள், என் பெயரை மட்டும் கரைக்கு அனுப்பு.'

பொஸ்கோ தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில் கழற்றுவது போலத்தான் கழற்றினான். பாடியது கண்ணெதிரே நிற்கிற பெண்தான் என்று தெரிந்தும் அவன் முதுகு சில்லிட்டது. பயம் போகவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான்.

பிளமேடி எதையும் மறைக்கவில்லை. அப்பா பாடும்போது அவள் தூங்குவதாக அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள், அவள் தூங்கவில்லை. குரல் வளர வளர அது அப்பாவின் குரலாக ஆவது அவளுக்கே தெரிந்தது. அம்மா அழுவாள் என்று வீட்டில் வாயைத் திறந்து பாடியதே இல்லை. சனிக்கிழமை அம்மா வேறு வீட்டுக்காரி ஆகிவிடுவாள். அதற்குப் பிறகு அப்பாவின் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் அப்பா பேரை எழுதிடணும்னு ஆசைப்பட்டேன் அக்கா. தினமும் எல்லார் பேரும் வருது. அவர் பேரு மட்டும் வரலை."

அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, எழுதப் பயந்து கழிப்பறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. கபேடி சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே பாட்டை ஒளித்து வைத்திருந்தார்கள்.

"சரி, அந்தச் சிமெண்ட்காரர் பேரை ஏன் வீசினே? மனுஷன் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு," என்று பொஸ்கோ கேட்டான்.

"நான் வீசலை. அப்பா வீசினதா வச்சுக்கங்க. குடும்பத்தைப் பார்த்துக்கிட்ட ஆளுக்குப் பேர் வீசாதவன் பாடகனே இல்லைன்னு அவர் சொல்லுவாரு. மழையில கூரை ஏறினவருக்கு அவர் கட்டாயம் வீசியிருப்பாரு."

ஆசீர்வாதம் என்று அனுப்பியது அங்கே ஆவியாகப் போய் இறங்கியிருக்கிறது. கபேடிக்குச் சிரிப்பு வந்தது. கசோங்கோவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அனுவாரித்திடம் மகளைக் கையோடு கூட்டிப்போனால் வேலை முடிந்தது. வழியில் பொன்டுக் கீரையும் உப்புக் கருவாடும் சாப்பிடலாம் என்று பொஸ்கோ திட்டம் போட்டான். போட்டுக்கொண்டே பழக்க தோஷத்தில் கைப்பேசியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தான்.

பார்த்தவன் அதைக் கபேடியிடம் நீட்டினான். கபேடிக்கு முன்னால் பிளமேடி எட்டிப் படித்தாள். யாரோ ஒரு மீன் வியாபாரி எழுதியிருந்தார்.

'இது போகாங்கா.'

அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கபேடி இதற்கு முன் எந்த வழக்கிலும் பார்த்ததில்லை. அது நிலைக்கவில்லை. கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது.

'ஆனா குரல் ரொம்ப இளசா இருக்கே. போன ஞாயிறுகூட எங்க போலோபோ துறையில வலை பின்னிக்கிட்டே இந்தப் பாட்டைப் பாடினாரு.'

வெளியே சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. குவாமுத்துக்கு மேலே, அதே ஆற்றின் கரையில்தான் போலோபோ. படகிலிருந்து தண்ணீரில் விழுந்தவன் பிழைத்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய ஊர். வழக்கு முடிந்தது என்று மனசுக்குள் சொன்னதற்காகக் கபேடி தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் கைப்பேசி அடித்தது. அனுவாரித். அவளும் படித்துவிட்டாள். அழவில்லை. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அந்த ஆளுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க அக்கா. போலோபோல அவரை எந்தப் பிள்ளையோட அப்பான்னு கூப்பிடுறாங்க?"

பொஸ்கோ எழுதிக் கேட்டான். மூன்று பேரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதில் சீக்கிரமே வந்தது.

'பிளமேடி அப்பான்னுதான்.'

பிளமேடி கபேடியின் கையை இறுகப் பிடித்தாள். இந்தப் பெயரை ஒரு மீன் வியாபாரி கற்பனை செய்திருக்க முடியாது. ஆள் அவன்தான், உயிரோடுதான் இருக்கிறான். மறக்கவும் இல்லை. அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

'பொண்ணு இப்பத்தான் நடக்கப் பழகுது. நல்ல சுட்டி.'

அனுவாரித் இன்னும் இணைப்பில் இருந்தாள். பிளமேடியே கைப்பேசியை வாங்கி இரண்டு பதிலையும் ஒரு சொல் விடாமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"எம் பொண்ணு பேரைத் தூக்கி இன்னொரு பிள்ளைக்கு வச்சிருக்காரா?" என்றாள் அனுவாரித். "சரி. நான் அவருக்கு ஒரு வருஷம் கறுப்பு உடுத்தி அழுது முடிச்சாச்சு. அந்த அழுகையைத் திருப்பி வாங்க மாட்டேன். மெர்டி அப்பாவை சனிக்கிழமை ஆட்டோட வரச் சொல்லுங்க. நீ வீட்டுக்கு வாடி."

பிளமேடி கைப்பேசியைக் கபேடியிடம் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தாள். 'இது யார் குரல்?' பக்கத்தில் அந்த மீன் வியாபாரியின் வரிக்குக் கீழே, ஊரே பார்க்கும்படி எழுதினாள்.

'தவறான விடை. இது பிளமேடி, அனுவாரித்தின் மகள்.'

எழுதி முடித்துவிட்டு, மீதி இருந்த நாற்காலிகளை அடுக்கினாள். பொஸ்கோவும் போய் இரண்டைத் தூக்கிக் கொடுத்தான்.